சின்ன பேட்டரிகளுக்கு எளிய சார்ஜர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான். வீட்டில் அப்பாவின் இரத்த அழுத்தக் கருவி, டிவி ரிமோட், கம்பியில்லா மவுஸ், குழந்தையின் பொம்மைக் கார், ஒரு டார்ச் என்று பென்சில் செல் போடும் சாமான்கள் ஐந்தாறு இருக்கின்றன. அடிக்கடி செல் வாங்கி மாளவில்லை. ரீசார்ஜபிள் செல்லுக்கு மாறலாம் என்று பார்த்தால், சார்ஜர் மட்டுமே சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய் வரை விதவிதமாகக் கிடைக்கிறது. திரையும் பொத்தானுமாக ஒன்று வேண்டாம். செல்லைப் போட்டால் ஏற வேண்டும், ஏறியதும் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட எளிய சார்ஜரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

செல்லைப் போட்டால் ஏற்றும் வேலையைச் சந்தையில் உள்ள எந்தச் சார்ஜரும் செய்துவிடும். ஏறியதும் நிற்பதுதான் எல்லாச் சார்ஜருக்கும் கைவராத வேலை. ஆகவே என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கு செல் போடும்படியானதாக, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனிப்பதாக, செல் நிறைந்ததைத் தானே உணர்ந்து நிறுத்துவதாக, ஏஏ அளவு (வழக்கமான பென்சில் செல்) செல்லுக்கு 300 முதல் 1000 மில்லி ஆம்பியருக்குள், முடிந்தால் 500-ஐ ஒட்டி, மின்னோட்டம் கொடுப்பதாக ஒரு சார்ஜரை வாங்குங்கள். திரை வேண்டியதில்லை, பொத்தானும் வேண்டியதில்லை. ஆனால் விலை குறைந்த சார்ஜரும் எளிய சார்ஜரும் ஒன்றல்ல என்பதால், இந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றும் எதற்கு என்று விளக்கினால்தான் கடையில் நின்று நீங்களே முடிவெடுக்க முடியும்.

அதற்கு முன், சார்ஜரில் எந்தச் செல்லைப் போடலாம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெட்டிக்கடையில் வாங்கும் துத்தநாக-கார்பன் செல்லையும் அல்கலைன் செல்லையும் எந்தச் சார்ஜரிலும் போடக்கூடாது. உள்ளே வாயு உருவாகிச் செல் ஒழுகும், சமயத்தில் வெடிக்கவும் செய்யும். அவற்றின் மேல் 1.5 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். வீட்டு உபயோகத்துக்கான ரீசார்ஜபிள் செல்களில் பெரும்பாலானவை நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகை. அவற்றின் மேல் 1.2 வோல்ட் என்றும், 2000, 800 என்று செல்லின் கொள்ளளவைக் காட்டும் ஒரு மில்லி ஆம்பியர் மணிக் கணக்கும் இருக்கும். இந்தப் பதில் முழுவதும் அந்த வகையைப் பற்றியதுதான். இப்போது அதே ஏஏ அளவில் லித்தியம் செல்களும் வருகின்றன. பக்கவாட்டிலோ தலையிலோ யுஎஸ்பி துளை வைத்த 1.5 வோல்ட் செல் ஒரு வகை. 14500 என்று குறித்திருக்கும் 3.7 வோல்ட் செல் இன்னொரு வகை. இரண்டையும் நிக்கல் சார்ஜரில் போடக்கூடாது. பின்னதை ரிமோட்டிலோ பொம்மையிலோ போட்டால், இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தில் அந்தச் சாமானே போய்விடும். எல்லா வகைச் செல்லையும் ஏற்றும் சார்ஜர்கள் சந்தையில் உண்டு, அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனாலும் பல கைகள் தொடும் வீட்டில் நிக்கலுக்கு மட்டுமான சார்ஜர்தான் நிம்மதி என்பது என் கருத்து.

இனி முக்கியமான விஷயம். நிக்கல் செல் நிறைந்துவிட்டது என்பது சார்ஜருக்கு எப்படித் தெரிகிறது? லித்தியம் செல்லில் இது சுலபம்: 4.2 வோல்ட் என்று ஒரு எல்லை வைத்து, அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் போதும். நிக்கல் செல்லுக்கு அப்படி உறுதியான எல்லை கிடையாது. ஏறும்போது அதன் மின்னழுத்தம் 1.4 வோல்ட்டைத் தாண்டி, 1.5-ஐ ஒட்டி மெல்ல உயர்கிறது. எவ்வளவு உயரும் என்பது மின்னோட்டத்தையும் வெப்பத்தையும் செல்லின் வயதையும் பொறுத்து மாறுகிறது. செல் நிறையும் தறுவாயில், உள்ளே செலுத்தும் மின்சாரம் இனிச் சேமிக்க இடமில்லாமல் நேர்முனைத் தகட்டில் ஆக்சிஜனை உண்டாக்குகிறது. அந்த ஆக்சிஜன் எதிர்முனைத் தகட்டுக்குப் போய் மறுபடி சேர்மமாகிறது. அப்படிச் சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அதுவரை இளஞ்சூடாக இருந்த செல் திடீரென்று சூடேறுவது இதனால்தான். சூடேறியதும் உச்சத்தில் இருந்த மின்னழுத்தம் சற்றே இறங்குகிறது. சற்று என்றால் ஒரு செல்லுக்கு 5 முதல் 10 மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. நல்ல சார்ஜர் இந்தச் சிறு இறக்கத்துக்காகக் காத்திருந்து, கண்டதும் மின்னோட்டத்தை நிறுத்துகிறது. சார்ஜரின் அட்டைப்பெட்டியில் "மைனஸ் டெல்டா வி" என்று குறிப்பிட்டிருந்தால் இதைத்தான் சொல்கிறார்கள். சில சார்ஜர்கள் கூடவே செல்லின் வெப்பநிலையையும் பார்க்கின்றன. அதற்குமேல் பாதுகாப்புக்கு ஒரு கால வரம்பும் வைத்திருப்பார்கள். முதல் இரண்டும் தவறினாலும் இத்தனை மணி நேரத்துக்குமேல் ஏற்றாது.

மலிவான சார்ஜர்களில் இந்த முதல் இரண்டும் இருக்காது, கால வரம்பு மட்டும் இருக்கும். அதைவிட மலிவானவற்றில் அதுவும் இருக்காது. செருகினால் சிவப்பு விளக்கு எரியும், பிடுங்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும். பத்து மணி நேரம் கழித்து எடுக்கவும், பதினைந்து மணி நேரம் கழித்து எடுக்கவும் என்று அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதாவது செல் நிறைந்ததா என்று பார்க்கும் பொறுப்பு உங்களுடையது. இந்த வகையை யாருக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை.

கால வரம்பு மட்டும் கொண்ட சார்ஜர் அவ்வளவு மோசமில்லை என்றாலும், நம் வீடுகளுக்கு அது பொருந்தாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. செல் முழுக்கக் காலியாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. ஆனால் மவுஸிலிருந்து நாம் கழற்றும் செல்லில் பாதி மீதி இருக்கும்; நாளைக்கு ஊருக்குப் போகிறோமே என்று டார்ச்சிலிருந்து கழற்றுவதில் முக்கால் பங்கு மீதி இருக்கும். அவற்றுக்கும் அதே பத்து மணி நேரம்தான். இரண்டாவது காரணம் மின்வெட்டு. எட்டு மணி நேரம் ஏறிய பிறகு கரண்ட் போய்த் திரும்பி வந்தால், சாதாரணக் கால வரம்புச் சார்ஜருக்கு முன்னால் ஓடிய எட்டு மணி நேரம் நினைவில் இருக்காது. மறுபடி முதலிலிருந்து பத்து மணி நேரம் ஏற்றத் தொடங்கும். கோடையில் ஒரே இரவில் இரண்டு முறை மின்சாரம் போகும் ஊராக இருந்தால், பாவம் அந்தச் செல்கள் விடிய விடிய வெந்துகொண்டிருக்கும். மின்னழுத்தத்தைப் பார்த்து நிறுத்தும் சார்ஜரும் மின்சாரம் வந்ததும் முதலிலிருந்துதான் தொடங்கும், ஆனால் ஏற்கெனவே நிறைந்த செல் என்றால் சிறிது நேரத்திலேயே அதைக் கண்டுகொண்டு நின்றுவிடும்.

மிகையாக ஏற்றுவதால் என்ன கெட்டுவிடும்? மெதுவான சார்ஜரில் ஒருமுறை மறந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. 200 மில்லி ஆம்பியரில், 1.5 வோல்ட்டில், வீணாகும் ஆற்றல் 0.3 வாட் மட்டுமே. செல் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். அதுவே 1 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர் நிறுத்தத் தவறினால் விரல் பருமன் உள்ள ஒரு உருளைக்குள் 1.5 வாட் வெப்பம் தொடர்ந்து இறங்கும். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை சுருங்கிவிடும். எந்த வேகத்திலானாலும், வாராவாரம் இப்படி நடந்தால் உள்ளே இருக்கும் மின்பகுபொருள் கொஞ்சம் கொஞ்சமாக உலர்ந்து, நூற்றுக்கணக்கான முறை ஏற வேண்டிய செல் வெகு முன்னதாகவே தளர்ந்துவிடும். ரீசார்ஜபிள் செல் எல்லாம் சும்மா, ஆறு மாதம்கூடத் தாங்காது என்று சொல்பவர்களில் பலருடைய வீட்டில் பழுது செல்லில் இல்லை, சார்ஜரில்தான் இருக்கும்.

அடுத்தது, தனித்தனிக் கவனிப்பு. மலிவான சார்ஜர்கள் இரண்டு செல்லை ஒரு ஜோடியாகத் தொடர் இணைப்பில் வைத்து ஏற்றுகின்றன. இரண்டும் ஒரே அளவு காலியாக இருந்தால் இதில் குற்றமில்லை. ஆனால் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று களைத்தாலும் மற்றது இழுத்தே தீர வேண்டியிருப்பதுபோல, ஜோடியில் ஒரு செல் முன்னதாக நிறைந்துவிட்டால், மற்றது ஏறிக்கொண்டிருக்கும் வரை அதன் வழியாகவும் மின்னோட்டம் ஓடியே தீரும். நிறைந்தது சூடாகும், நிறையாதது அரைகுறையாக நிற்கும். அந்த ஜோடியை அப்படியே கருவியில் போட்டால், குறைவாக ஏறிய செல் முதலில் காலியாகி, மற்ற செல்லின் மின்னோட்டம் அதன் வழியே எதிர்த்திசை மின்னழுத்தத்தை உண்டாக்கி, இன்னும் பலவீனப்படுத்தும். அடுத்த முறை ஏற்றும்போது வித்தியாசம் மேலும் கூடும். மேலும், ஒற்றைச் செல் கேட்கும் மவுஸும், மூன்று செல் கேட்கும் பொம்மையும் ஒரே வீட்டில் இருக்கும்போது, ஜோடிச் சார்ஜரால் எப்போதும் ஒரு செல் உதிரியாக நிற்கும்.

கடையில் இதை அட்டையைப் பிரிக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சார்ஜரின் முதுகில் வெள்ளியிலோ கறுப்பிலோ ஒரு சிறு லேபிள் ஒட்டியிருக்கும். அதில் உள்ளீடு, வெளியீடு என்று இரண்டு வரிகள் இருக்கும். வெளியீட்டு வரியில் 2.4 வோல்ட் அல்லது 2.8 வோல்ட், பக்கத்தில் "× 2" என்று இருந்தால் அது பெரும்பாலும் ஜோடிச் சார்ஜர்: இரண்டு செல்லுக்குச் சேர்த்த மின்னழுத்தம், அப்படி இரண்டு வரிசை. 1.2 அல்லது 1.5 வோல்ட், "× 4" என்று இருந்தால் நான்கு இடங்களும் தனித்தனி. அதே வரியில் ஏஏ-க்கு எத்தனை மில்லி ஆம்பியர், அதைவிட மெல்லிய ஏஏஏ செல்லுக்கு எத்தனை என்பதும் இருக்கும். லேபிளை நம்பாவிட்டால், செருகிப் பார்க்கக் கடைக்காரர் விடும் பட்சத்தில், ஒரே ஒரு செல்லைப் போடுங்கள். விளக்கு எரிந்தால் தனிக் கவனிப்பு, எரியாவிட்டால் ஜோடி. நான்கு செல்லுக்கு ஒரே விளக்கோ இரண்டு விளக்கோ இருந்தால் சந்தேகப்படலாம். நான்கு விளக்கு இருப்பது நல்ல அறிகுறி.

மின்னோட்டத்தின் அளவு பற்றிப் பலருக்குக் குழப்பம் உண்டு. மெதுவாக ஏற்றினால் செல்லுக்கு நல்லது என்று ஒரு பொதுவான நம்பிக்கை இருக்கிறது. கால வரம்புச் சார்ஜருக்கு அது சரி: செல்லின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் பதினாறு மணி நேரம் என்பதுதான் செல் தயாரிப்பாளர்கள் கொள்ளளவை அளக்கவே கடைப்பிடிக்கும் முறை. 2000 மில்லி ஆம்பியர் மணிச் செல்லுக்கு 200 மில்லி ஆம்பியர். ஆனால் மின்னழுத்த இறக்கத்தைப் பார்த்து நிறுத்தும் சார்ஜருக்கு அதே மெதுவான ஓட்டம் பாதகம். ஓட்டம் குறைவாக இருந்தால் நிறையும்போது எழும் வெப்பமும் குறைவு. வெப்பம் குறைந்தால் அந்த 5 மில்லிவோல்ட் இறக்கம் தெளிவாகத் தெரியாமல் மழுங்கிவிடும். சார்ஜர் அதைத் தவறவிட்டுக் கால வரம்பு வரை ஏற்றிக்கொண்டே போகும். மெதுவான சார்ஜர்களில் நல்லவை இறக்கத்துக்குக் காத்திருக்காமல், குறிப்பிட்ட மின்னழுத்தத்தை எட்டியதும் நிறுத்திவிடுகின்றன. செல் நூற்றுக்கு நூறு நிறையாமல் போகலாம், ஆனால் சூடாகாது. வீட்டு உபயோகத்துக்கு அந்தக் குறை ஒரு பொருட்டல்ல.

மறுமுனையில், 15 நிமிடத்தில், அரை மணியில் ஏற்றித் தரும் சார்ஜர்கள் இருந்தன, இன்னும் சில இருக்கின்றன. விசிறி வைத்துக் குளிர்வித்தும் செல் கொதிக்கும். கல்யாண வீட்டில் ஃபிளாஷ் அடித்துக்கொண்டே இருக்க வேண்டிய புகைப்படக்காரருக்கு அது தேவைப்படலாம், நமக்கு வேண்டாம்.

ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கு எளிது: செல்லின் கொள்ளளவைச் சார்ஜரின் மின்னோட்டத்தால் வகுத்து, விரயத்துக்காக அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். 2000 மில்லி ஆம்பியர் மணி, 500 மில்லி ஆம்பியர் என்றால் நான்கு மணி நேரம், விரயத்தோடு ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு. இரவு படுக்கும்போது போட்டால் விடிவதற்குள் முடிந்திருக்கும். ஏஏஏ செல் 750, 800 அளவுதான் பிடிக்கும் என்பதால் அதற்கு மின்னோட்டமும் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். நல்ல சார்ஜர்களில் ஏஏஏ செல் வேறு ஒரு தகட்டைத் தொடும்படி வைத்து, அதற்குக் குறைந்த மின்னோட்டம் போகும்படி செய்திருப்பார்கள். லேபிளில் இரண்டு அளவுக்கும் ஒரே எண் இருந்தால், சின்னச் செல் அடிக்கடி ஏற்றுபவர்கள் வேறு சார்ஜர் பார்ப்பது நல்லது.

மின்கட்டணத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஒரு ஏஏ செல்லில் அடங்கும் ஆற்றல் 1.2 வோல்ட் பெருக்கல் 2 ஆம்பியர் மணி, அதாவது 2.4 வாட் மணி. சார்ஜரின் விரயத்தோடு சேர்த்து 5 வாட் மணி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு யூனிட் மின்சாரத்தில் 200 செல் ஏற்றலாம். இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

வெப்பத்தைப் பற்றி நம் ஊரில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். சார்ஜர்களும் செல்களும் பெரும்பாலும் 20, 25 டிகிரி அறை வெப்பத்தை மனத்தில் வைத்தே சோதிக்கப்படுகின்றன. நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்லை ஏற்றுவதற்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் மேல் எல்லை பொதுவாக 40, 45 டிகிரி. சித்திரை வெயிலில் வேலூரிலோ மதுரையிலோ மாடி அறைக்குள் பிற்பகலில் அந்த எல்லையை ஒட்டியேதான் இருப்போம். அதன்மேல் செல்லின் சொந்தச் சூடும் சேரும். அந்த வெப்பத்தில் நேர்முனைத் தகடு மின்சாரத்தை முழுமையாக ஏற்றுக்கொள்ளாது. சீக்கிரமே ஆக்சிஜனை விடத் தொடங்கும். முழுசாக ஏற்றினாலும் செல் குறைவாகத்தான் நிறையும். கோடையில் ராத்திரியில் அல்லது விடியற்காலையில் ஏற்றுங்கள். ஃபிரிட்ஜின் தலையில், இன்வர்ட்டரின் மேல், வெயில் விழும் ஜன்னல் திட்டில் சார்ஜரை வைக்காதீர்கள். சார்ஜருக்கு மூடி இருந்தால் திறந்தே வையுங்கள். செல் சூடாவது இயல்பு. ஆனால் விரலால் தொடர்ந்து பிடிக்க முடியாத சூடு இயல்பு அல்ல, அப்படி இருந்தால் பிடுங்கிவிட வேண்டும்.

பெயர் சொல்லி உதாரணம் கேட்பீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். பானாசோனிக் நிறுவனத்தின் எனலூப் செல்களுக்கு ஒரே நிறுவனமே பல சார்ஜர்களை விற்கிறது. பிக்யூ-சிசி51 என்பது ஜோடியாக, கால வரம்பில், பத்து மணி நேரம் ஏற்றும் அடிப்படைச் சார்ஜர். பிக்யூ-சிசி17 என்பது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனித்து ஏழு மணி நேரம் போல எடுத்துக்கொள்வது. பிக்யூ-சிசி55 என்பதும் தனித்தனிதான், ஆனால் நான்கு ஏஏ செல்லை மூன்று மணி நேரத்திலும், இரண்டை மட்டும் போட்டால் ஒன்றரை மணி நேரத்திலும் முடித்துவிடும். மூன்றும் வெள்ளைப் பிளாஸ்டிக், நான்கு பள்ளம், மேலே அதே பெயர். கட்டுச் சலுகையில் செல்லோடு சேர்த்து எந்தச் சார்ஜர் வருகிறது என்று மாடல் எண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்பி வாங்கினால் முதல் வகை வீட்டுக்கு வந்து சேர வாய்ப்பு அதிகம். நீங்கள் கேட்ட எளிமை நடுவில் சொன்ன ஏழு மணி நேரச் சார்ஜரிலேயே கிடைத்துவிடுகிறது. மூன்றாவதை வாங்கினால், அவசரமில்லாதபோது நான்கு செல்லாகவே போடுங்கள்; இரண்டு மட்டும் போடும்போது ஒவ்வொன்றுக்கும் போகும் மின்னோட்டம் இரட்டிப்பாகிறது. வேறு நிறுவனச் சார்ஜர்களையும் இதே அளவுகோலால் அளக்கலாம். நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்கான சார்ஜர் எந்த நிறுவனத்து நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்லையும் ஏற்றும், நிறுவனத்துக்கு நிறுவனம் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

சுவரில் நேரடியாகச் செருகுவதா, யுஎஸ்பி கம்பி வழியாகவா என்பது வசதியைப் பொறுத்தது. சுவரில் செருகும் வகை கனமாக இருந்தால் நம் தளர்ந்த சாக்கெட்டுகளில் தொங்கிக்கொண்டு பொறி பறக்கும். யுஎஸ்பி வகையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எதனோடு இணைக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். நான்கு செல்லுக்கு ஆளுக்கு 500 மில்லி ஆம்பியர் என்றால் மொத்தம் 3 வாட், விரயத்தோடு 4 வாட்; 5 வோல்ட், 1 ஆம்பியர் தரும் பழைய போன் அடாப்டரே போதும். ஆளுக்கு 1 ஆம்பியர் என்றால் 2 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். மடிக்கணினியின் பழைய யுஎஸ்பி துளை அரை ஆம்பியர்தான் தரும். அதில் செருகிவிட்டுச் சார்ஜர் மட்டம் என்று குறை சொல்லக்கூடாது.

திரையும் பொத்தானும் கொண்ட பகுப்பாய்வுச் சார்ஜர்கள் செல்லைக் காலி செய்து, மறுபடி ஏற்றி, அதன் உண்மையான கொள்ளளவை எண்ணாகக் காட்டும். முப்பது நாற்பது செல் வைத்திருப்பவர்களுக்கும், இதில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் அது நல்ல கருவி. எட்டுச் செல் உள்ள வீட்டில், முதல் வாரம் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள், பிறகு பார்க்க மாட்டார்கள். செல்லை முழுக்கக் காலி செய்த பிறகே ஏற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரையும் உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அது நிக்கல்-காட்மியம் காலத்து வழக்கம். இன்றைய செல்லைப் பாதியிலும் ஏற்றலாம்.

சார்ஜரைப் பற்றிய கேள்விதான் என்றாலும், செல் சரியில்லாவிட்டால் நல்ல சார்ஜரும் கெட்ட பெயர் வாங்கும் என்பதால் இரண்டு வார்த்தை. 2005-இல், பின்னாளில் பானாசோனிக் வசமான சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில், ஏற்றிய மின்சாரம் மெதுவாகவே வடியும் செல்லை அறிமுகப்படுத்துவதற்கு முன், நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்லை ஏற்றி மேசையில் வைத்தாலே மாதக் கணக்கில் தானாக வடிந்துவிடும். ரிமோட்டுக்கு அது லாயக்கில்லை என்ற பெயர் அப்போது வந்தது. இன்று "ஏற்றிய நிலையில் வருவது", "உடனே பயன்படுத்தலாம்" என்று அட்டையில் போட்டிருக்கும் செல்கள் இந்தப் புது வகை. ஓராண்டு சும்மா கிடந்தாலும் பெரும்பகுதி மிச்சம் இருக்கும். ஏஏ அளவில் 1900, 2000 என்று எழுதியவற்றையே வாங்குங்கள். 2500-க்கு மேல் உள்ளவை ஒருமுறைக்கு அதிக நேரம் ஓடும், ஆனால் மொத்த ஆயுள் குறைவு. 3000-ஐத் தாண்டி எழுதியிருந்தால் அது வெறும் எழுத்துதான். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் நல்ல ஏஏ செல் 26, 27 கிராம் இருக்கும். 15 கிராம் நிற்கும் செல்லில் உள்ளே சரக்கு இல்லை.

உங்கள் பட்டியலில் பொம்மைக் காரும் டார்ச்சும்தான் சார்ஜரின் விலையை முதலில் மீட்டுத் தரும். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் அல்கலைன் செல் சீக்கிரம் சோர்ந்துவிடும், நிக்கல் செல் 1.2 வோல்ட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். மவுஸுக்கும் தாராளமாகப் போடலாம். இரத்த அழுத்தக் கருவி காற்றடிக்கும் சிறு மோட்டாரால் ஓடுவது என்பதால் பொதுவாக ஒத்துப்போகும்; ஆனால் கையேட்டில் ரீசார்ஜபிள் செல் கூடாது என்று எழுதியிருந்தால் அதையே கேளுங்கள், அளவு பிசகக்கூடாத கருவி அது. சுவர்க் கடிகாரத்தையும் டிவி ரிமோட்டையும் விட்டுவிடலாம். கடிகாரம் ஒரு சாதாரணச் செல்லிலேயே ஓராண்டுக்கு மேல் ஓடும். ஆண்டுக்கொருமுறை ஏற்றுவதற்காக விலை கூடிய செல்லை அதில் முடக்குவதில் லாபமில்லை. எந்தச் சாமானிலும் புதுசும் பழசும், நிக்கலும் அல்கலைனும் கலந்து போடாதீர்கள். ஒன்றாக வாங்கிய செல்களின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரே எழுத்தைக் குறித்து வைத்தால், குழந்தை கழற்றி எறிந்தாலும் ஜோடி மாறாது.

நல்ல சார்ஜர் வாங்கியபின் ஒரு நாள் அது ஏதோ ஒரு செல்லை ஏற்க மறுத்து விளக்கைச் சிமிட்டும். சார்ஜர் பழுது என்று எண்ணிவிடாதீர்கள். பொம்மையை அணைக்காமல் விட்டதால் அந்தச் செல் அடியோடு காலியாகி மின்னழுத்தம் பூஜ்யத்தை நெருங்கியிருக்கும். அல்லது வயதாகி உள்தடை கூடியிருக்கும். அல்லது யாரோ அல்கலைன் செல்லைப் போட்டிருப்பார்கள். செல்லை எடுத்து, முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். மீண்டும் மறுத்தால் அந்தச் செல்லை விட்டுவிடுங்கள். மறுக்காத ஒரு மலிவுச் சார்ஜரைத் தேடி அதில் ஏற்ற முயல வேண்டாம். மக்காத குப்பையோடும் அதைப் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய செல்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் உண்டு. ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் மொத்தமாகக் கொடுத்துவிடலாம்.